நடுக்கோட்டில் அப்பா

மணமேல்குடி பஸ்ஸில் கண்டக்டர் விசிலடித்ததும் என் வலது கை தானாக நீண்டு முன் சீட்டுக் கம்பியைத் தொட்டது. ஐம்பது வயதில் இப்படி ஒரு வியாதி. காரணம் அப்பா.

அவர் பி.டி. வாத்தியார். ஊர்ப் பொங்கல் கபடிக்கு அவர்தான் நடுவர். நான் பள்ளியில் படித்த ஒரு வருஷம், ஆள் குறைந்ததால் அணியில் சேர்க்கப்பட்டேன். இறுதி ஆட்டத்தில் எங்கள் ஆட்களெல்லாம் அவுட்டாகி உட்கார்ந்துவிட, கடைசியாக நான் பாடிப் போக வேண்டியிருந்தது. ஒருவனைத் தொட்டேன், நாலு பேர் மேலே விழுந்தார்கள். வாயெல்லாம் செம்மண், மூக்கில் சுண்ணாம்புத் தூள். மூச்சு விடாமல் ஊர்ந்து வந்து நடுக்கோட்டை விரலால் தொட்டேன். கோப்பை எங்களுக்குத்தான். பக்கத்திலேயே குனிந்திருந்த அப்பா என் விரலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். விசிலடித்தார்.

"அவுட்!"

வீட்டுக்கு நடக்கையில் கேட்டேன்: "ஏம்ப்பா, கை கோட்டத் தொட்டுச்சுல்ல?"

"தொட்டுச்சுடா."

"அப்புறம் ஏன்?"

"மகனுக்குச் சாதகமாச் சொல்லிட்டாருன்னு பேசுவானுங்க. மனுசனுக்கு நேர்மை முக்கியம்டா."

என் விளையாட்டு வாழ்க்கையின் ஒரே வெற்றி அவருடைய நேர்மைக்கு உரமானது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க பி.டி. சார் மகன்தானே? பெத்த மகன்னும் பாக்காம அவுட் குடுத்த மனுசங்க அவரு. இப்ப யாரு இருக்கா அப்புடி?"

அது அவுட் இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அப்பா போய்விட்டார். நான் சொன்னால், தோற்றவன் வேறெப்படிச் சொல்வான் என்பார்கள்.

"ஆமாங்க, யாரும் இல்லை" என்றேன்.