கட்டிலில் கிடந்து முடித்த ஆடிச்சுற்று

நான் விழவில்லை, வழுக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம் தை மாதம் ஒரு நாள் தையல் மிஷினை விட்டு எழுந்தேன். வலது கால் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

அதற்கு மூன்று வருடம் முன்பு எனக்குக் கர்ப்பப்பையில் கேன்சர். மதுரையில் கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, குணப்படுத்தினார்கள். கண்டம் கழிந்தது என்று கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன். இப்போது அதே கரண்டு பட்ட இடத்தில் தொடை எலும்பு முறிந்திருந்தது. மாதக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டும் சேரவில்லை. பேசாமல் அன்றைக்கே போயிருக்கலாமே என்று அழுதேன்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். “கரண்டு வச்ச எலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மிம்மா. ஒரு ஊசி மருந்து இருக்கு. கட்டாயம் கேக்கும்னு சொல்ல மாட்டேன். நாலு மாசம் தினமும் போடணும். நிறுத்தவும் கூடாது, காலை ஊனவும் கூடாது.”

என் கணவரின் அண்ணன் மனைவி, அவர் கூப்பிடுகிற முறையிலேயே எனக்கும் மதினி, நர்ஸம்மா ஒருவரிடம் ஊசி போடப் பழகிக்கொண்டார். மருந்து சூடாகக் கூடாதாம். கலர் கடை ஐஸ் பெட்டியில், சோடா பாட்டில்களுக்கு நடுவே என் எலும்பு குடியிருந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் எரியும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். இரண்டு நாள் போட்டால் மூன்றாம் நாள் வேண்டாம் என்று அடம்பிடிப்பேன்.

ஆடித் தபசுக்குக் கொடி ஏறியது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அரியும் அரனும் ஒன்றாய்க் காட்சி தர வேண்டும் என்று எங்கள் அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். அந்த நாட்களில் கோவிலை நூற்றியொரு முறை சுற்றினால் அவள் கால் நோவை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. அதுதான் ஆடிச்சுற்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த வருடமும் நேர்ந்திருந்தேன்.

சுற்றி முடித்த பெண்கள், “காலு விட்டுப் போச்சுட்டி” என்று சிரித்துக்கொண்டே எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவார்கள். அந்தக் கால்வலிக்கு நான் ஏங்கின ஏக்கம் அம்மனுக்குத்தான் தெரியும். நேர்ச்சை பாக்கி நிற்பதால்தான் எலும்பு சேரவில்லை என்று என் புத்தியில் ஏறிவிட்டது. ஒரு நாள் காலை, மதினி அடுப்படியில் இருந்த நேரம், கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். காலை ஊன்றப் போனேன். கொதிக்க வைத்த ஊசிக் குழலோடு மதினி வந்துவிட்டார்.

“ஏட்டி, எங்கன கெளம்பிட்ட?”

“கோவிலுக்கு மதினி. நேர்ந்தத முடிக்காம எலும்பு எப்படிக் கூடும்?”

“அம்மன் ஓடிக்கிட்டா தவசு இருந்தா? நின்ன எடத்துலதான நின்னா? ஒனக்கு இந்தக் கட்டிலுதான் தவசு. நூத்தியொரு சுத்துதான? நூத்தியொரு ஊசி நான் போடுதேன். பல்லக் கடிச்சிக்கிட்டு எண்ணு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் குத்தியபோது என்னையறியாமல் “ஒண்ணு” என்றேன்.

அதன் பிறகு ஒரு நாளும் நிறுத்தவில்லை. வாந்தி வரும்போதெல்லாம், “தாயே, இது உன் கால் நோவு, எனக்குக் கொடு” என்று வேண்டிக்கொள்வேன். ஐப்பசியில் நூற்றியொன்று முடிந்தது. டாக்டர் சொன்ன நாலு மாசம் நிறையும் வரை மதினி மேலும் போட்டார். கார்த்திகையில் மதுரையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சேர்ந்திருக்கும்மா. மருந்தாலயா, தானாவான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல.”

எனக்குப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. மருந்து கேட்டது என்றுதான் நம்புகிறேன். அதை விடாமல் போட்டுக்கொள்ளும் பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்.

மறு ஆடியில் கம்பை ஊன்றி ஒரே ஒரு சுற்று நடந்தேன். சந்நிதியில் நின்றபோது, வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. “வந்துட்டேன்” என்றேன். பிறகு அழுகைதான்.

இப்போது கரண்டு வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் பெண்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டால், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உங்களில் யாராவது அப்படிப் படுத்திருந்தால் மருந்தை நிறுத்தாதீர்கள், தாயையும் விடாதீர்கள். கோவிலுக்குப் போக முடியவில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். நடக்க முடியாதவர்களைத் தேடி அவளே வருவாள். எங்கள் வீட்டுக்கு ஊசிக் குழலோடு வந்தாள்.