கன்னத்தில் பூசிய உடைமரத் தேன்

என் வலது தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் தழும்பைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பவர்களை எனக்குப் பிடிக்காது. பாவப்பட அதில் ஒன்றுமில்லை. அது எப்படி வந்தது என்பதைவிட, இவ்வளவோடு எப்படி நின்றது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபது வயது. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆசிரியை. கோடை விடுமுறைக்கு ராதாபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பதநீர்க் காலம். ஐயா, என் அப்பா, பனையேறிப் பதநீர் இறக்குவார். அம்மா விடிலியில், அதாவது பனைகளுக்கு நடுவே போட்ட ஓலைக் குடிசையில், அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவாள். படித்து வேலைக்குப் போனவள் என்று என்னை யாரும் உட்கார வைக்கவில்லை, நானும் உட்காரவில்லை.

பாகு பதத்துக்கு வந்ததும் வட்டையை, அதாவது காய்ச்சும் அகலப் பாத்திரத்தை, இறக்க அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்தோம். என் கையிலிருந்த ஈரத்துணி வழுக்கியது. வட்டை தரையில் இடித்து, பாகு எழும்பி என் கன்னத்திலும் கழுத்திலும் அடித்தது. வெந்நீர் என்றால் வழிந்துபோகும். பாகு வழியாது, ஒட்டிக்கொண்டு சுடும். நான் கத்தியதில் ஐயா பாதிப் பனையிலிருந்து சறுக்கியே இறங்கிவிட்டார். அம்மா குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் வண்டி கட்டி மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த கம்பவுண்டர் மோசமான ஆள் இல்லை. எண்ணெய் தடவிப் பஞ்சும் துணியும் வைத்துக் கட்டினார். ஆனால் ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரிக்கும்போது, புதிதாக வந்த தோலும் அதோடு சேர்ந்து உரிந்து வந்தது. ஒரு வாரத்தில் புண் நாறத் தொடங்கியது. "தழும்பு கட்டாயம் இருக்கும், கண்ணுக்குக் கீழ வரைக்கும் இழுத்துக்கிடும். பழகிக்கிட வேண்டியதுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் முகத்தைப் பற்றி முடிவு சொல்ல இவர் யார்?

அன்று சாயங்காலம் ஐயா பனையிலிருந்து இறங்கி வந்து நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனையில் உரசி உரசி அவர் நெஞ்சிலும் முழங்காலிலும் எப்போதும் ஏதாவது ஒரு சிராய்ப்பு இருக்கும். சுரைக்குடுவையிலிருந்து தேனை விரலால் எடுத்து அதில் பூசினார். எங்கள் ஊர் உடைமரங்களில் தேனீ கட்டும் தேன் அது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

"ஐயா, அந்தக் குடுவையத் தாங்க."

அவர் தயங்கினார். "என் நெஞ்சு மரத்துப்போன தோலு மக்கா. ஒன் மொகம் அப்படியா?"

"ரெண்டும் தோலுதான ஐயா?"

கூடியிருந்த சித்திமாரும் அத்தைமாரும் சும்மா இருக்கவில்லை. "தேன் பட்டா மயிரு நரைச்சுப் போவும்ட்டி! புருவமெல்லாம் வெள்ளையாப் போவும்" என்றாள் ஒரு அத்தை.

"நரைச்சா நரைக்கட்டும் அத்தை. தலைய முக்காடு போட்டு மறைச்சிக்கிடலாம். மொகத்துத் தோலு போச்சுன்னா எதப் போட்டு மறைக்க?"

பழைய வேட்டியைக் கொதிக்க வைத்துக் காயப்போட்டு, துண்டு துண்டாகக் கிழித்தேன். ஆறின வெந்நீரில் புண்ணைக் கழுவி, தேனைத் துணியில் கனமாகத் தடவி ஒட்டினேன். முதல் நாள் எரிந்த எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அத்தை "நான் சொன்னேம்லா" என்றாள். அவள் சொன்னதற்காகவே மறுநாளும் போட்டேன். துணி ஒட்டவில்லை, தண்ணீர் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. தோல் உரியவில்லை. மூன்று நான்கு நாளில் நாற்றம் நின்றது. எறும்புதான் பெரிய பாடு. கட்டிலின் நான்கு காலுக்கும் சிரட்டையில் தண்ணீர் வைத்துப் படுத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் புண்ணின் ஓரத்தில், வாழைப்பூவின் உள்மடல் நிறத்தில் புதுத்தோல் படர்ந்தது. புருவத்தில் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் தாயார் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தார். மகன் குமாஸ்தா. அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் என் அம்மாவிடம் பேசினார்.

"ஆறட்டும், பாக்கலாம். கோயில்ல நாலு பேரு முன்னால நிக்கணும்லா? ஆறலன்னாலும் ஒண்ணுமில்ல. சின்னவ இருக்காள்லா, மூக்கும் முழியுமா."

நான் எதிரே போய் உட்கார்ந்து, கன்னத்துத் துணியை எடுத்தேன். தேன் தாடையில் வழிந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுங்க அத்தை. இதுதான் மொகம். ஆறும். ஆனா அதுக்குப் பொறவு நீங்க வர வேண்டாம்."

"என்னட்டி வாய் இது!" என்று அவர் எழுந்தார். அடுப்படியிலிருந்து என் தங்கையின் குரல் வந்தது. "எனக்கும் வேண்டாம் அத்தை." அதைக் கேட்டு ஐயா சிரித்துவிட்டார். கல்யாணம் முறிந்ததற்குச் சிரித்த தகப்பன் எங்கள் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். கன்னம் பாதி ஆறியிருந்தது, கழுத்து இன்னும் ஈரமாக இருந்தது. தலைமை ஆசிரியை வெள்ளைக்காரத் துரைசாணி, நல்ல மனசுதான். "பிள்ளைகள் பயப்படுவார்கள். சுகமாகும்வரை தையல் அறையில் இரு" என்றார்.

"பிள்ளைகள் பயந்தால் போகிறேன் அம்மா. முதலில் அவர்கள் பயப்படட்டும்."

வகுப்பில் நுழைந்ததும் அத்தனை கண்ணும் என் கன்னத்தில்தான். பாகு தெறித்ததையும் தேன் போடுவதையும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு முதல் வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சரம்மா, ஒங்க கன்னத்தத் தொட்டு நக்குனா இனிக்குமா?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தையல் அறைக்கு நான் போகவில்லை. பிறகு துரைசாணியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐயா கொடுத்தனுப்பிய தேன் தீர்ந்ததும் கடையில் ஒரு புட்டி வாங்கினேன். போட்ட இடம் பிசுபிசுத்து, ஆறிய ஓரம் மறுபடி சிவந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பனையேறியின் மகளை இதில் ஏமாற்ற முடியாது. புட்டியோடு கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இது தேன் இல்ல. கருப்பட்டிப் பாகு."

"மலைத்தேனும்மா, சுத்தமானது. நீங்க என்ன சொல்லுதிய?"

"பாகு என்னைச் சுட்டது ஒரு தடவை போதும். ரெண்டாம் தடவை நான் காசு குடுத்துச் சுட்டுக்கிட மாட்டேன்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முக்காட்டை இழுத்துவிடாமல் அப்படியே நின்றேன். அவர் உள்ளே போய் வேறு புட்டி கொண்டுவந்தார். அது தேன்தான்; அங்கேயே ருசி பார்த்துத்தான் வாங்கினேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் கன்னம் முழுக்க ஆறிவிட்டது. கண்ணுக்குக் கீழே எதுவும் இழுக்கவில்லை. ஆனால் தேன் மந்திரமில்லை. ஆழமாக வெந்த தாடையும் கழுத்தும் சுருங்கித்தான் ஆறின. அதை யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு எங்கள் பள்ளி விடுதியில் கொப்புளம், வெடிப்பு, அடுப்புச் சூடு என்று எது வந்தாலும் பிள்ளைகள் என்னிடம்தான் வந்தார்கள். புரையோடியதை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கம்பவுண்டர்மீது எனக்கு இருந்தது கோபம்தான், பகை இல்லை.

அந்த வருஷம் முடியும்போது பள்ளியில் புகைப்படம் எடுத்தார்கள். ஆசிரியைகள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்த படக்காரர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"அம்மா, மொகத்தக் கொஞ்சம் வலது பக்கமாத் திருப்புங்க. எதுக்குச் சொல்லுதேன்னா..."

"தெரியும் அண்ணாச்சி," என்றேன். இடது பக்கமாகத் திருப்பினேன். தழும்பு முழுக்க வெயிலில் இருந்தது. "இப்ப எடுங்க."