கவிதை பீரோவுக்கு வந்த விலை

நூலகர் என்றால் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறவர் என்று ஊர் நினைக்கிறது. புத்தகத் தூசியில் தும்மிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா! தொண்ணூறுகளில் நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய தனியார் நூலகத்தில் இருந்தேன். அங்கே ஒரு பர்மாத் தேக்கு பீரோ நிறையக் கவிதைதான்: தொகுப்புகள், கையெழுத்துப் படிகள், கல்யாணங்களில் அச்சடித்துக் கொடுத்த வாழ்த்துப்பாக்கள்.

வாசகர் வந்தார்

கண்டனூரிலிருந்து ஒருவர் வந்து பீரோவைத் திறக்கச் சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்த்துப்பாக் கட்டுகளை இறக்கி வைத்தேன். எல்லாவற்றையும் கலைத்துக் கலைத்துப் பார்த்தார். எந்த மாதிரிப் பாட்டு தேடுகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டேன்.

"நாளான்னிக்கு மகளுக்குக் கல்யாணம் தம்பி. பேரை மட்டும் மாத்துனாப் போதுங்கிற மாதிரி ஒண்ணு குடுங்க."

இன்னொரு ரசிகர்

அடுத்து வந்தவர் பழம்பொருள் கடைக்காரர். கண்ணாடிக் கதவைத் தடவினார், மரத்தைத் தட்டிப் பார்த்தார். எங்கள் செயலாளர்தான் அனுப்பியிருந்தார். யாரும் படிக்காத கவிதைக்குத் தேக்கு பீரோ எதற்கு, விற்று ஒழுகுகிற கூரையைச் சரிபண்ணலாம் என்பது அவர் யோசனை. வேறு அலமாரி கிடையாது. கவிதை தரைக்கு இறங்கினால் ஒரே மழைக்காலத்தில் கறையான் மொத்தத்தையும் படித்து முடித்துவிடும். உள்ளே இருப்பதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அத நீங்களே வச்சுக்கங்க சார். அதுக்காக வெலையில ஒண்ணும் கொறைக்க மாட்டேன்."

சொந்தக்காரர் வந்தார்

பீரோவை ஏற்ற வண்டி வந்த அன்று, விஷயம் கேள்விப்பட்டுச் செயலாளரின் மனைவி வந்துவிட்டார். எங்களுக்கெல்லாம் அவர் ஆச்சி. நேரே போய், கதவின் உள்பக்கம் பொறித்திருந்த தன் பெயரின் முதலெழுத்தைக் காட்டினார். பீரோ அவருடைய பிறந்த வீட்டுச் சீர். சீர்ச் சாமான் பெண்ணுக்குத்தான் சொந்தம். அவளைக் கேட்காமல் கணவர்கூட அதைத் தொடக்கூடாது. நம் செயலாளரோ கேட்காமலே நூலகத்துக்குக் கொடுத்து, கேட்காமலே விற்கவும் பார்த்திருக்கிறார். கடைக்காரர் வெறும் வண்டியோடு போனார்.

எனக்குப் பாதி உயிர்தான் வந்தது. ஏனென்றால் ஆச்சி பீரோவைத் தன் வீட்டுக்குத் தூக்கச் சொன்னார். அழாத குறையாகப் புத்தகங்களை இறக்கினேன். கண்டனூர்க்காரர் கலைத்துப் போட்ட கட்டின் மேலாகவே கிடந்தது ஆச்சியின் கல்யாண வாழ்த்துப்பா. தன் பெயரைப் பார்த்தவர் என்னை வாசிக்கச் சொன்னார். நின்றபடியே முழுவதும் வாசித்தேன். நழுவப் பார்த்த செயலாளரை ஆச்சியின் பார்வை நிறுத்தியது.

"அன்னைக்கு இத வாசிக்க ஆரம்பிச்ச ஒடனே பந்திக்குக் கூப்பிட்டுட்டாக தம்பி, ஒரு வரி காதுல விழல. பீரோ இங்குட்டே இருக்கட்டும். இவுக வாரா வாரம் வந்து எனக்கு ஒவ்வொண்ணா வாசிக்கட்டும்."

ஆகவே, கவிதைக்கு வாசகரே இல்லை என்று புலம்பும் சகோதரர்களே, உங்கள் நூலகத்து பீரோ யார் வீட்டுச் சீர் என்று முதலில் விசாரியுங்கள்.