என் லோக்கல் கார்டியன் பாண்டியம்மா ஆன்ட்டி

பாண்டியம்மா ஆன்ட்டி போய்விட்டார். காலையில் ஆபீஸ் பஸ்ஸில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தில்லியில் நான் பி.ஏ. படித்த காலம் முழுக்க என் லோக்கல் கார்டியன் அவர்தான். சொந்தம் கிடையாது. ஊர்க்காரர்கூடக் கிடையாது.

ஹாஸ்டலில் இடம் கிடைத்தும், தில்லியிலேயே ஒரு கார்டியன் இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து பெட்டியோடு வந்து நிற்கும் எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? முருகனிடமே முறையிடலாம் என்று அப்பா என்னை மலை மந்திருக்குக் கூட்டிப்போனார்.

செருப்பு விடும் இடத்தில் ஒரு தமிழ்க் குரல். அப்பா ஓடிப்போய் நின்றுவிட்டார். ஆபீஸ் பை தோளில் தொங்க, செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டே அந்த அம்மா முழுக் கதையும் கேட்டார்.

"அட, இதுக்கா இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீக? எங்கிட்ட ஏற்கனவே நாலு பிள்ளைக இருக்குண்ணே. இதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு சாமி கும்பிட்டோமா என்றே ஞாபகமில்லை.

அந்த நாலு பிள்ளைகளும் என்னைப் போல் எங்கிருந்தோ படிக்க வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆன்ட்டி மானாமதுரைக்காரர். மத்திய அரசு ஆபீசில் கிளார்க். கணவர் பட்டாளத்தில், எங்கோ எல்லையில். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஆன்ட்டி தனியாகத்தான் இருந்தார்.

குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லாரும் அங்கேதான். பின்பக்கப் புல்தரையில் பாய் விரித்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டு, வெயிலைப் போர்த்திப் படுத்துக் கிடப்போம். எங்கோ மயில் கத்தும். யாராவது ஒரு கதையை ஆரம்பிப்பாள், பாதியிலேயே தூங்கிப்போவாள். மிச்சக் கதையை யாரும் கேட்டதே இல்லை...

இரண்டாம் வருஷம், பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால். லைப்ரரியிலிருந்து திரும்ப லேட்டாகி, ஹாஸ்டல் கேட் மூடும் நேரம் தாண்டிவிட்டது. வார்டன் என்னை எதிரில் நிற்க வைத்து, புகார் சொல்ல ஆன்ட்டிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்.

என் பெயரைச் சொன்னதுதான் தாமதம்.

"ஹாஞ்ஜி மேடம், யஹீன் ஹை! கானா காகே ஸோ கயீ!"

இங்கேதான் இருக்கிறாள், சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள் என்று ஒரே மூச்சில். பிள்ளையைக் காப்பாற்றுகிறாராம்.

வார்டன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆன்ட்டி வீட்டுக்கு என்று எழுதிவிட்டுப் போன இரவெல்லாம் உண்மையில் எங்கே போனாய் என்றார். இத்தனைக்கும் ஆன்ட்டி வீட்டைத் தவிர நான் வெளியே எங்கும் தங்கியதில்லை. யார் நம்புவார்கள்? இந்த வாரத்துக்குள் ரூமைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்கள்.

வகுப்பை விட்டுவிட்டு ரூம் தேடி அலைந்தேன். ப்ளைவுட் வைத்துத் தடுத்த அறைகள், ஜன்னலே இல்லாத அறைகள். ஒரு பி.ஜி.யில் மீன் சாப்பிடுவாயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வீட்டில் சொன்னால் அப்பா படிப்பை நிறுத்தி ஊருக்கே கூட்டிப்போய்விடுவார். அந்தப் பயத்தில் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆன்ட்டி மேல் அப்படி ஒரு கோபம்... போன் வந்தால் எடுக்கவே இல்லை.

கடைசி நாள் மதியம். ஹாஸ்டல் வாசலில் ஆட்டோ. மற்ற பிள்ளைகள் சொல்லி விஷயம் தெரிந்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு, முகமெல்லாம் வேர்த்து ஆன்ட்டி நிற்கிறார்.

"ஏத்தா, நீ எங்க வீட்ல தூங்குறன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்புட்டேன்ல. சொன்னது பொய்யாப் போகலாமா? பெட்டிய எடு. ஜல்தி."

திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

போனதும் படுக்கச் சொன்னார். கூலரின் ஈரக்காற்றில் வெட்டிவேர் வாசனை. பச்சைத் திரை வழியாக வந்த வெளிச்சத்தில் அந்த அறை ஏதோ குளத்துக்கு அடியில் இருப்பது போலிருந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேனோ... விழித்தபோது காலையா மாலையா என்றுகூடப் புரியவில்லை.

டிகிரி முடியும்வரை அந்த அறைதான் எனக்கு. ஆனால் அன்றைக்கு அது தெரியாது. பக்கத்து அறையில் ஆன்ட்டியின் குரல் மட்டும் கேட்டது. போனில், வார்டனிடம்.

"மேடம், ஸோ ரஹீ ஹை. அப் சச்முச்."

இப்போது நிஜமாகவே தூங்குகிறாள், வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிடக் கூடாதாம்.

நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் ஆன்ட்டி... போய்ட்டு வாங்க.