புங்கந்தோப்பில் செத்துக் கிடந்தவள்

ஹெலனுக்கு நாற்பத்திரண்டு வயது. மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, கணவன் இன்பராஜுக்கும் காலேஜ் போகும் இரண்டு பெண்களுக்கும் டப்பா கட்டிவிட்டு, ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச், துணி, மாவு. அவள் கடைசியாகப் பகலில் படுத்துக் கண்ணை மூடியது, இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான்.

அவளைச் சினிமாவில் நடிக்கக் கூப்பிட்டவன் நவநீதன். அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருப்பவன். சொந்தமாக ஒரு கேமரா வைத்திருந்தான்.

"கொலைப்படம்க்கா. காட்டுக்கு டூர் போற காலேஜ் பசங்கள முகமூடி போட்ட ஒருத்தன் ஒவ்வொருத்தரா கொல்றான். நீங்க அவங்களுக்குச் சமைக்க வர்ற அம்மா."

"எனக்கு இன்னா தம்பி நடிக்கத் தெரியும்?"

"நடிக்கவே வேணாம். மொதல்லயே செத்துடுவீங்க. அப்புறம் சும்மா படுத்துனு இருந்தா போதும்."

சும்மா படுத்திருப்பது. அன்று மதியம் முழுவதும் மெஷின் சத்தத்துக்கு அடியில் அந்தச் சொல் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் கேட்டாள். "போய்ட்டு வா, சாயங்காலத்துக்குள்ள வந்துடு" என்றான் இன்பராஜ்.

அமிர்திக் காட்டுக்குப் போகும் வழியில் ஒருவருடைய புங்கந்தோப்பில் ஐந்து ஞாயிறு படம் எடுத்தார்கள். கதைப்படி எல்லாக் கொலையும் நடுராத்திரி. தோப்புக்காரரோ ஐந்து மணிக்குமேல் யாரையும் இருக்க விடவில்லை. அதனால் பட்டப்பகலில் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் நீலம் ஏற்றி இரவாக்கிக்கொள்வது என்று நவநீதன் முடிவு செய்தான். கொலைகாரன் வேஷம், கம்பெனி பஸ் ஓட்டும் காசிக்கு. ஆறடி உயரம். கழித்துப்போட்ட தோல் துண்டுகளைத் தைத்து முகமூடி, ஷூ அடிப்பாக ரப்பரை வெட்டி வெள்ளி பெயின்ட் அடித்துக் கத்தி.

முதல் ஞாயிறு ஹெலன் செத்தாள். இரண்டாவது ஞாயிறு முழுவதும் பிணமாகக் கிடந்தாள். பங்குனி மாதம். புங்கம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. முதலில் நெற்றியில் ஒன்று, பிறகு உள்ளங்கையில். கண்ணை மூடியிருந்தாலும் வெயிலும் நிழலும் இமைமேல் மாறி மாறிப் போவது தெரிந்தது. பக்கத்தில் பிள்ளைகள் அவளுக்காக அழுதார்கள். "அம்மா, எழுந்திருங்கம்மா" என்று யாரோ கத்தியது, ஆற்றின் அக்கரையிலிருந்து வருவதுபோலத் தூரமாகிக்கொண்டே போனது. எந்த அடுப்பிலும் எதுவும் பொங்கவில்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்காவது ஞாயிறு, இன்ஸ்பெக்டராக நடிக்க வேண்டிய பெண் வேலூரிலிருந்து வரவே இல்லை. போன் எடுக்கவும் இல்லை.

"அக்கா, காக்கிச்சட்டய நீங்க போட்டுக்குங்க. தொப்பி வச்சா அடையாளம் தெரியாது" என்றான் நவநீதன்.

"நான்தான் செத்துட்டேனே தம்பி."

"பிணம் இருக்கற எடத்துல சாக்குமூட்டய வச்சிடலாம். நீங்க படுத்திருந்தத அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கிறேன்."

ஹெலன் காக்கி உடுத்தி, புடவை போர்த்திய சாக்குமூட்டைமுன் குனிந்து தனக்குக் கொடுத்த வசனத்தைச் சொன்னாள்.

படம் முடிந்ததும் ஆம்பூரில் ஒரு பழைய தியேட்டரில் காலைக்காட்சிக்கு இடம் பிடித்தார்கள். கம்பெனி ஆட்களே பாதி தியேட்டரை நிறைத்துவிட்டார்கள். ஹெலனுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் உமைமா, பக்கத்து சீட்டிலும் வந்து உட்கார்ந்தாள்.

நீல இரவில் மைனாக்கள் கத்தின. மரங்களுக்குக் கீழே கரிய நிழல் பளிச்சென்று விழுந்திருந்தது. காசி டார்ச் அடித்துக்கொண்டு வந்து ஹெலனைக் குத்தினான். கத்தி வளைந்து அவன் கையையே தொட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரையில் காசிக்குப் பின்னால் ஒருவர் புல்லுக்கட்டு வைத்த மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். சிரிப்பு இரண்டு வரிசை தாண்டியது.

பிறகு பிள்ளைகள் பிணத்தைச் சுற்றி அழும் காட்சி. பிணம் மெல்லப் புரண்டு ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டது.

தியேட்டர் அதிர்ந்தது. அடங்குவதற்குள் ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினாள். நடந்து வந்து குனிந்து பிணத்தைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே மூக்குத்தி.

"யார் இந்தம்மா? உங்கள்ல யாருக்காவது அடையாளம் தெரியுதா?"

உமைமா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அல்லாவே, என்னால முடியலக்கா!" என்று ஹெலனின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

ஹெலன் சிரிக்கவில்லை. தூங்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. முடியில் பூ. அவளுக்குத் தெரிந்த எந்த வயதும் அந்த முகத்தில் இல்லை. காக்கி உடுத்திய ஹெலன் சாக்குமூட்டையை அன்று கொஞ்சம் இரக்கமாகப் பார்த்திருந்தாள். அந்தப் பார்வை இப்போது தூங்குகிறவள்மேல் விழுந்தது.

"எழுப்பாதீங்க" என்றாள் ஹெலன், வாய்க்குள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல."

படம் விட்டதும் நவநீதனைத் தேடினாள். சைக்கிள் ஸ்டாண்டில் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"பயப்படவேண்டிய படம்க்கா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நீலத்துல தெரியாதுன்னு நெனச்சேன்."

"நம்ம சூப்பர்வைசரு சீட்ல இருந்து வழுக்கிக் கீழயே உக்காந்துட்டாரு, பாத்தியா?"

நவநீதன் திரும்பினான். "நெஜமாவா?"

"ரெண்டு பேரு கைகொடுத்துத் தூக்குனாங்க. அத விடு. நான் தூங்கறது இருக்கு பாரு, அந்தத் துண்டு மட்டும் எனக்குப் போன்ல அனுப்பு தம்பி."

அன்று மாலை அதை இன்பராஜிடம் காட்டினாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். முடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தான்.

"இவ்ளோ அசந்தா தூங்குவ நீ?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் இன்பராஜ் பாயை விரித்தான். டிவியை நிறுத்தும்படி பெண்களிடம் சொன்னான். பாத்திரத்தை அவனே கழுவினான். எல்லா ஞாயிறும் அப்படி நடக்கிறது என்று சொல்ல முடியாது. விருந்தாளி வந்தால் போச்சு. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு நடக்கிறது.

படத்தை நவநீதன் யூடியூபில் ஏற்றிய மறுநாள், கம்பெனி பஸ்ஸில் உமைமா திடீரென்று எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம். அந்தாளு இன்னாத்துக்கு எல்லாரையும் கொன்னான்? படத்துல சொல்லவே இல்லையே!"

உண்மைதான், சொல்லவே இல்லை. எல்லாரும் ஓட்டுகிற காசியைப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றான் காசி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெட்டுன்னாங்க, வெட்டினேன்."

"காதல் தோல்வியா இருக்கும்" என்றது ஒரு குரல். "சமையல் சரியில்ல, அதான் மொதல்ல அக்காவ முடிச்சான்" என்றது இன்னொன்று. ஹெலன் திரும்பி, "என் சமையலுக்கு இன்னாடி கொறச்சல்?" என்று சண்டைக்குப் போனாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயல்களின்மேல் பனி கலையாத அந்த நேரத்தில், கம்பெனி கேட்டில் பஸ் வந்து நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை.