நரம்பக்காவும் பளபளப்புப் பொடியும்

ஒல்லியோ குண்டோ, பயந்தவளோ அலட்டிக்கொள்கிறவளோ, எந்தப் பெண் கையை நீட்டினாலும் முதல் குத்திலேயே ரத்தக்குழாயைப் பிடித்துவிடுவாள். அதனால்தான் அவளுக்கு நரம்பக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடம் ஒரு லேபில், ஜன்னல் இல்லாத அறையில், கால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் கைகளை எல்லாம் பார்த்தவள். முகம் மறந்துபோகும், கை மறக்காது. கடைத்தெருவில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் முதலில் அவர்களுடைய முழங்கையைத்தான் பார்ப்பாள். 'ஓ, இடது கையில மட்டும் கிடைக்குமே, அந்த அம்மாவா' என்று அப்புறம்தான் பதிலுக்குச் சிரிப்பாள்.

நாற்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு யோகம் அடித்தது. பெண்களுக்கான ஹார்மோன் சமநிலை மையம் என்று புதிதாக ஒன்று திறந்து, கைராசிக்காரி வேண்டும் என்று அவளைத் தேடி வந்து அழைத்துப்போனார்கள். மெத்தை வைத்த நாற்காலி, குளிரூட்டிய அறை, நாலரை மணிக்கு வீடு. அங்கே யாரும் நோயாளி கிடையாது, எல்லாரும் 'பயணி'. ரத்தம் எடுப்பவளும் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையில் 'நலப் பயணத் துணை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் படித்துப் பார்த்த அவள் கணவர், "பஸ் கண்டக்டர் வேலைக்கா போற?" என்று கேட்டார்.

மையத்தை நடத்துகிற மேடத்துக்கு ஒரே மந்திரம்தான்: மற்றவர்கள் நோயைப் பார்ப்பார்கள், நாங்கள் வேரைப் பார்ப்போம். வேரைத் தோண்டப் பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்று உண்டு. மத்தியானம் மூன்று மணிக்குச் சோர்வாக இருக்கிறதா? காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா? வீட்டில் யாராவது பேசிக்கொண்டே இருந்தால் எழுந்து போய்விடலாம் போல் இருக்கிறதா? இதற்கெல்லாம் 'இல்லை' என்று எழுத வேண்டுமானால் ஒருத்தி செத்துப்போயிருக்க வேண்டும். லேபிலிருந்து வருகிற அறிக்கையில் சரியான அளவு எது என்று ஓரத்தில் அச்சாகியிருக்கும். மேடம் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'உகந்த அளவு' என்று தம் கையால் அதைவிடக் குறுகலாக வேறொன்று எழுதுவார். அந்தச் சந்துக்குள் நுழைய இதுவரை எந்தப் பெண்ணாலும் முடிந்ததில்லை. நுழைந்திருந்தால் மையத்தை மூட வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மேடம் ஒருத்தியை உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்பார். ஊரிலுள்ள மற்ற டாக்டர்களிடம் நாலு நிமிஷம் கிடைத்தால் பெரிது, அதிலும் மூன்று நிமிஷம் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். மாதவிலக்கு தாறுமாறாகி, தூக்கம் கெட்டு, 'எல்லாம் வயசுதாம்மா' என்று விரட்டப்பட்டு வந்த பெண்கள் மேடத்தின் முன்னால் குலுங்கி அழுவார்கள். பாதிப் பேருக்கு அந்த ஒரு மணி நேரமே போதும். அதோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம்.

அனுப்பமாட்டார். கையில் ஓர் இளஞ்சிவப்பு டப்பாவைக் கொடுத்துத்தான் அனுப்புவார். பளபளப்புப் பொடி. காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி. முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு, மனசுக்கு. வரவேற்பறைச் சுவர் முழுக்க அந்தப் பொடியின் புகழ்தான். கண்ணாடி போட்ட சட்டங்களில் பயணிகளின் எண்கள்: 'பயணத்துக்கு முன்', 'பயணத்துக்குப் பின்'. முக்கால்வாசி தைராய்டு எண்கள். கழுத்திலிருக்கும் அந்தச் சுரப்பி தூங்கினால் எண் ஏறும், விழித்துக்கொண்டால் இறங்கும். சுவரில் எல்லாருக்கும் இறங்கியிருந்தது.

இந்தச் சுவரைக் காட்டத்தான் நரம்பக்கா தன் நாத்தனாரை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனார் ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். அப்படியும் அசதி, அப்படியும் முடி கொட்டல். அவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சம். ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு என்பது கொஞ்சம். 'பார்த்தியா, நான் எங்கே வேலை பார்க்கிறேன்னு' என்ற பெருமைதான் மிச்சமெல்லாம். அந்தப் பெருமைக்கும் காரணம் உண்டு. இருபத்துநாலு வருடமாக நாத்தனாரின் வாய்க்கு இவள்தான் தீனி. கல்யாணமான புதிதில் இவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி, காய்ச்சல்காரங்களுக்குக் கொடுக்கலாம்" என்றவள். அன்று தொடங்கிய கச்சேரி ஒருநாளும் ஓய்ந்ததில்லை. இவள் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். எதிர்க்கேள்வி வாய்க்குள் தயாராகவே உட்கார்ந்திருக்கும்.

பொடி ஆரம்பித்து ஆறு வாரத்தில் நாத்தனாரின் எண் கிடுகிடுவென்று இறங்கியது. மேடம் முகம் மலர்ந்தார். "பாருங்க, உங்க சுரப்பி எழுந்துடுச்சு. இனிமே மாத்திரை போட்டா அதிகமாயிடும். மெதுவா குறைச்சு விட்டுடலாம்" என்றார். விட்டுவிட்டார்கள். நாலு மாதம் கழித்து மாத்திரை இல்லாமலேயே எண் ஒன்று புள்ளி ஒன்பது. மேடத்தின் சிவப்பு மைச் சந்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட எண். மையமே கைதட்டியது. நரம்பக்காவும் தட்டினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சாப்பிடும்போது நரம்பக்கா வழக்கம்போல ஒரு சீண்டல் சீண்டினாள்.

"உன் பையனுக்கு வேலை கிடைக்கும், கவலைப்படாதே. உன்னை மாதிரிதானே, எல்லாம் லேட்டாத்தான் வரும்."

சொல்லிவிட்டு, வரப்போகிற அடிக்காகத் தயாராகக் காத்திருந்தாள். நாத்தனார் தட்டிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினாள். யோசித்தாள். பழைய ரேடியோ போலக் கரகரத்த குரலில், "ஆமா அண்ணி" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

நரம்பக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கணவருக்கோ ஏக மகிழ்ச்சி. "அப்பாடா, ஒருவழியா இவ வாயை அடைச்சுட்டாங்க. உங்க மேடம் பெரிய ஆளுதான்" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, நாத்தனாரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. கண்ணுக்குக் கீழே முகம் ஊதியிருந்தது. நாடி, மாசக் கடைசியில் பீரோவிலிருந்து காசு எடுக்கிறவர் மாதிரி நின்று நின்று வந்தது. கோப்பில் இருக்கிறவள் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள், எதிரே இருக்கிறவளால் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. எண் பொய் சொல்லாது என்று இருபத்திரண்டு வருடம் நம்பியவளுக்கு முதல்முறையாக எண்ணின் மேல் சந்தேகம் வந்தது.

"அந்தப் பொடி டப்பா வச்சிருக்கியா?"

"பையில இருக்கு."

இளஞ்சிவப்பு டப்பாவை ஜன்னலோரம் எடுத்துப்போய், அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பயோட்டின். முடி வளர்ச்சிக்கான வைட்டமின்தான், விஷமொன்றும் இல்லை. ஆனால் ஒரு கரண்டியில் இருந்த அளவு ஒரு பட்டாளத்துக்கே போதும். நரம்பக்காவுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

பழைய லேபில் கையில் பட்டையைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? அப்படின்னா மூணு நாள் நிறுத்திட்டு வாங்க." அந்த வைட்டமின் ரத்தத்தில் அதிகமாக இருந்தால் சில மெஷின்கள் குழம்பிப்போய்த் தைராய்டு எண்ணைத் தாறுமாறாகக் குறைத்துக் காட்டும். ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்ட கேள்வி. மையத்தில் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்ததும் இவளுக்கும் மறந்துவிட்டது. கடைக்காரர் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அது திருட்டு. இங்கே கட்டைவிரல் தராசில் இருப்பது கடைக்காரருக்கே தெரியவில்லை. எடை பிரமாதமாக வருகிறதென்று சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் பொடியை நிறுத்திவைத்து, நாத்தனாரின் ரத்தத்தைத் தானே எடுத்துப் பழைய லேபில் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் பதில் வந்தது. எழுபத்துநாலு. அறிக்கையைக் கொடுத்த பெண், "இவங்க நடந்தா வந்தாங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் நாலு நிமிஷ டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமலே, "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். நாத்தனார் வாயைத் திறக்குமுன், "நான்தான் சார் கூட்டிட்டுப் போனேன்" என்று நரம்பக்கா சொன்னாள். டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மாத்திரை மறுபடி தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நினைவிழந்த நிலையில்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்றும் சொன்னார். அதை நாத்தனார் காதில் விழாதபடிதான் சொன்னார், அந்த அளவுக்கு நல்லவர்.

அறிக்கையை எடுத்துக்கொண்டுபோய் நரம்பக்கா மேடத்தின் மேஜைமேல் வைத்தாள். விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே. "அக்கா, இது உடம்பு பழைய நஞ்சை வெளியே தள்ளற நேரம். எண் கொஞ்சம் அப்படி இப்படி ஆடும்" என்றார்.

"எழுபத்துநாலு கொஞ்சமில்லை மேடம். நம்ம பொடியை நிறுத்திட்டு ரத்தம் எடுத்தா எல்லாருக்கும் எண் மாறும். ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாமே."

"இதை நான் வச்சுக்கறேன். ஸ்டடி பண்ணணும்."

மேடம் ஸ்டடி பண்ணிய லட்சணம் பத்தாம் நாள் தெரிந்தது. வரவேற்பறையில் புதுச் சட்டம் ஒன்று, மற்றதைவிடப் பெரிதாக மாட்டப்பட்டிருந்தது. 'இல்லத்தரசி, வயது 43. பயணத்துக்கு முன்: 74. பயணத்துக்குப் பின்: 1.9. மாத்திரை: இல்லை.' பெரிய எண் முன்னால், சின்ன எண் பின்னால். சுவரில் மாட்டும்போது அங்கே அதுதான் வழக்கம். தேதி போடும் வழக்கம் எப்போதுமே இருந்ததில்லை.

அன்று ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பள்ளி ஆசிரியை. அந்தச் சட்டத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நரம்பக்காவிடம் வந்தாள். "நானும் ஆறு வருஷமா அந்த மாத்திரைதான் சாப்பிடறேன். இதைப் பார்த்தா நாளையிலேருந்து நிறுத்திடலாம் போலிருக்கே? இது நிஜம்தானே அக்கா?"

கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நரம்பக்காவுக்கு மெத்தை நாற்காலி ஞாபகம் வந்தது, நாலரை மணி ஞாபகம் வந்தது, இந்த வயதில் இன்னொரு இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கம்பளிச் சட்டைக்குள் சுருண்டுகொண்டு "ஆமா அண்ணி" என்றவளின் முகம் வந்தது.

"ரெண்டு எண்ணும் நிஜம்தாம்மா. ரெண்டுமே நான் எடுத்த ரத்தம். வரிசைதான் மாத்திப் போட்டிருக்காங்க" என்றாள். "ஒண்ணு புள்ளி ஒன்பது பொடி குடிச்சப்ப வந்தது. எழுபத்துநாலு பொடியை நிறுத்தினதும் வந்தது. பொடி மெஷினை ஏமாத்திடுது, அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தாதீங்க. பொடியை மூணு நாள் நிறுத்திட்டு வெளியே எங்கயாவது டெஸ்ட் எடுங்க. எல்லாரும்தான்."

ஆசிரியை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். உள்ளேயிருந்து மேடம் கதவருகில் வந்து நின்றதை நரம்பக்கா பார்க்கத்தான் செய்தாள். பார்த்துக்கொண்டேதான் கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னாள்.

"மாசக் கடைசியோட கணக்கு முடிச்சுக்கலாம்" என்றார் மேடம். கத்தவில்லை, திட்டவில்லை. "சட்டத்தை டிசைன் பண்ற பொண்ணு அப்படிப் போட்டுட்டா" என்று மட்டும் ஒரு சப்பைக்கட்டு கட்டினார். சட்டம் அங்கேயேதான் தொங்கியது.

நாலாம் நாள் மாலை, கடைசிப் பயணியும் போன பிறகு நரம்பக்கா ஊசிகளை எண்ணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். மேடம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

"எனக்கும் எடுங்க. ரெண்டு வருஷமா நானும் குடிக்கறேன். மூணு நாளா நிறுத்தியிருக்கேன்." குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது. "உங்க பழைய லேபுக்கே அனுப்பிடுங்க. குழாயில பேர் கீர் எதுவும் எழுத வேண்டாம்."

நரம்பக்கா எண்ணிவைத்த ஊசிகளிலிருந்து ஒன்றைப் பிரித்தாள். பட்டையைக் கட்டிக் கையைப் பிடித்தாள். கை பனிக்கட்டியாக இருந்தது. அவளுக்குக் கோபம் போய்விட்டது, போனது அவளுக்கே பிடிக்கவில்லை. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. குழாய் நிறைந்ததும் ஊசியை உருவி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்தாள்.

"பேரில்லாத குழாயை எந்த லேபும் வாங்காது மேடம்."

மேடம் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். கேட்காமலே வயதையும் சொன்னார், ஒரு வருஷம்கூடக் குறைக்காமல்.