உப்பளத்துப் பெண்கள் படம்

என் மூத்த பேரன் வேலூரில் பல் டாக்டர். சின்னவன் பரீட்சை பாஸ் செய்து வி.ஏ.ஓ. ஆகிவிட்டான். பேத்தி நித்யா சுவிட்சர்லாந்தில் படித்து அங்கேயே வேலையும் வாங்கிவிட்டாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பச்சையம்மா அக்கா போய்விட்டாள். பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓரம் அவள் கையால் இட்லி சாப்பிட்ட உங்களுக்கெல்லாம் கடைச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம் நினைவிருக்கும். ஸ்டுடியோக்காரர் வெள்ளையடிக்கும்போது கழித்துப் போட்ட பழைய படம். வெள்ளை வெளேரென்ற மலைச்சரிவில் நாலு வெள்ளைக்காரிகள், கறுப்புக் கண்ணாடியும் உதட்டுச் சாயமுமாகச் சிரிக்கிறார்கள். காலில் நீளக் கட்டை.

கல்யாணத்துக்கு முன் அக்கா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவள். அந்த வெள்ளை அவளுக்கு உப்புதான். பக்கத்தில் பூ கட்டும் என்னிடம் காட்டுவாள்.

"பாத்தியாடி, அந்த ஊர்ல அளத்து வேலைக்காரிக்குக் காலுக்குக் கட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. கொடுத்து வச்சவளுங்க."

"உதட்டுச் சாயம் எதுக்குக்கா?"

"உப்புக் காத்துல உதடு வெடிக்கும். பூக்காரி, உனக்கு இன்னா தெரியும்?"

போன வருசம் லீவில் வந்த நித்யா படத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "ஆயா, அது பனி. அந்தக் காலத்துப் பெரிய பணக்காரங்க குளிர்காலத்துல போய் அந்தக் கட்டையைக் கால்ல மாட்டிச் சறுக்கி வெளையாடுவாங்க. அவங்களைப் படம் புடிக்கவே போட்டோக்காரர் வருவாரு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னேன்: "யக்கா, அது உப்பு இல்ல, பனியாம். எம்பேத்தி சொன்னா. அவளுங்க வேலைக்காரி இல்ல, வெளையாடறாளுங்க."

கடையே சிரித்தது. "ஆயா, சட்னில பனி கம்மியா இருக்குது" என்றார் ஒரு கண்டக்டர்.

"வெளையாட்டா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா. மறுநாள் சுவரில் ஆணிதான் இருந்தது.

அப்புறமும் என்னோடு எப்போதும்போலத்தான் பேசினாள். படம் எங்கே என்று நான் கேட்கவில்லை. 'தப்பா பேசிட்டேன்க்கா' என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒரு வருசம் ஓடிவிட்டது.

குளிப்பாட்டும்போது அவள் பாதத்தை நான்தான் கழுவினேன். அளத்தை விட்டு எத்தனையோ வருசம் ஆகியும் குதிகால் வெடிப்பில் என் விரல் நுனி உள்ளே போனது.

'கொடுத்து வச்சவ.' அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். நித்யாவுக்கு வேலை கிடைத்த அன்று என்னையும் அப்படித்தான் சொன்னாள். அதில் பொறாமை ஒரு பொட்டுக்கூட இல்லை.

நித்யா, பதினாறாம் நாளுக்குள் உன் புதுப் போட்டோ ஒன்று எனக்கு வேண்டும். போனில் வேண்டாம், தபாலில் அனுப்பு. கடையில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. பனியில் நில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். முகம் சின்னதாக விழுந்தாலும் பரவாயில்லை, காலில் கட்டை தெரிய வேண்டும். யாராவது கேட்டால், எம்பேத்தி உப்பளத்தில் வேலை செய்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன்.